அறுவை முறைப் பல் பிடுங்கல்

அறுவை முறைப் பல் பிடுங்கல் என்பது ஈற்றைக் கீறித் திறந்து, தேவையான அளவு தாடை எலும்பை நீக்கி, பல்லை முழுதாகவோ துண்டுகளாகவோ வெளியே எடுக்கும் பல் மருத்துவச் சிகிச்சை ஆகும். குறடு கொண்டு பற்றி எடுக்க இயலாத பற்களுக்கு இம்முறை கையாளப்படுகின்றது. தாடைக்குள் புதைந்து நிற்கும் ஞானப்பல்லை எடுப்பது இதற்கு மிகப் பரவலான எடுத்துக்காட்டு ஆகும். பெரும்பாலும் நோயாளி விழித்திருக்கையில், வாயின் ஒரு பகுதியை மட்டும் மரத்துப்போகச் செய்து, பல் மருத்துவரின் வழக்கமான நாற்காலியிலேயே இது செய்யப்படுகின்றது.

பல்லை வலிந்து இழுப்பதால் வேர் முறிவதையும் தாடை எலும்பு உடைவதையும் தவிர்ப்பதே இம்முறையின் நோக்கம். இதன் வெற்றி மருத்துவரின் கைத்திறனை மட்டும் சார்ந்ததன்று. நோயாளி முன்கூட்டியே தரும் உடல்நல விவரங்கள், பயன்படுத்தப்படும் கருவிகள், நீர்மங்கள் ஆகியவற்றின் தூய்மை, முதல் சில நாட்களின் கவனிப்பு ஆகியவையும் அதே அளவு முக்கியமானவை.

எளிய முறையும் அறுவை முறையும்

பல் தாடை எலும்பில் நேரடியாக ஒட்டியிருப்பதில்லை. பற்குழி எனப்படும் எலும்புக் குழிக்குள், மெல்லிய இழைகளாலான ஒரு தசைநாரால் அது பிணைக்கப்பட்டுள்ளது. எளிய முறையில், எலிவேட்டர் எனப்படும் சிறு நெம்புகருவியால் இவ்விழைகள் அறுக்கப்பட்டுப் பல் தளர்த்தப்படுகின்றது. பின்னர் குறடால் பல்லைப் பற்றி இருபுறமும் மெல்ல அசைக்கும்போது, சற்று நெகிழும் தன்மையுள்ள எலும்புக் குழி விரிந்து பல் வெளிவருகின்றது. எனவே பல் 'இழுக்கப்படுகிறது' என்பதைவிடக் குழி விரிக்கப்படுகிறது என்பதே பொருத்தமாகும்.

குறடு பற்றுவதற்குப் பல்லின் மேற்பகுதி இல்லாதபோதும், குழி விரிய இடம் தராதபோதும், வேர்களின் வளைவு வெளிவரும் பாதையை மறிக்கும்போதும் எளிய முறை பயன்படாது. அந்நிலையில் ஈற்றையும் எலும்பையும் திறந்து பாதை அமைப்பது தேவையாகின்றது.

தேவைப்படும் சூழ்நிலைகள்

* ஞானப்பல் ஈற்றுக்குள்ளோ எலும்புக்குள்ளோ புதைந்திருத்தல்
* சொத்தையாலோ விபத்தாலோ பல் ஈறு மட்டத்தில் முறிந்து வேர் மட்டும் எஞ்சியிருத்தல்
* வேர்கள் வளைந்தோ, ஒன்றைவிட்டொன்று அகன்றோ, நுனியில் பருத்தோ இருத்தல்
* இழைகள் மறைந்து வேர் எலும்புடன் ஒன்றிப்போதல்
* முன்பு வேர்ச்சிகிச்சை செய்யப்பட்ட பல் நொறுங்கும் நிலையில் இருத்தல்
* மேல் கடைவாய்ப்பல்லின் வேர்கள் மேல்தாடை எலும்பின் காற்றறைக்கு மிக அருகில் இருத்தல்

எளிய முறையில் தொடங்கிய பின்னர் வேர் முறிந்தால், அதே அமர்விலேயே அறுவை முறைக்கு மாறுவதும் உண்டு. ஆகவே இருவகைக்கும் சேர்த்தே ஒப்புதல் பெறுவது நல்ல நடைமுறையாகும்.

ஞானப்பல்

மூன்றாம் கடைவாய்ப்பல்லே ஞானப்பல் அல்லது அறிவுப்பல் எனப்படுகின்றது. இது பொதுவாக 17 முதல் 25 வயதுக்குள் முளைக்கின்றது. நிலைத்த பற்கள் 32இல் கடைசியாக வருவதால் பலருடைய தாடையில் இதற்குப் போதிய இடம் இருப்பதில்லை. பாதி முளைத்து நிற்கும் பல்லின் மேல் ஈறு மடிந்து கிடக்கும். அதனடியில் உணவுத் துகள்கள் தங்கிச் சீழ்பிடிப்பதே கீழ் ஞானப்பல் வலிக்கு அடிக்கடி காரணமாகின்றது.

பல் சாய்ந்துள்ள கோணத்தைக் கொண்டு ஜார்ஜ் விண்டர் 1926ஆம் ஆண்டில் ஒரு வகைப்பாட்டை வெளியிட்டார். அதன்படி புதைந்த பல் முன்சாய்வு, செங்குத்து, கிடைநிலை, பின்சாய்வு எனப் பிரிக்கப்படுகின்றது. கீழ்த்தாடையில் முன்சாய்வு வகை மிகுதியாகக் காணப்படுகின்றது. பின்சாய்வு வகை பொதுவாகக் கடினமானது; ஏனெனில் அப்பல் வெளிவரும் திசை, தாடை எலும்பு மேல்நோக்கித் திரும்பும் பகுதியில் முட்டுகின்றது. பல் எவ்வளவு ஆழத்தில் உள்ளது, பின்னால் எவ்வளவு இடம் உள்ளது என்பவற்றைக் கணக்கிடும் பெல், கிரிகரி ஆகியோரின் வகைப்பாடு 1933இல் வந்தது.

புதைந்த ஞானப்பல் அனைத்தும் எடுக்கப்பட வேண்டும் என்பதில்லை. நோய் எதுவும் இல்லாத புதைந்த ஞானப்பற்களை முன்னெச்சரிக்கையாக அகற்றும் வழக்கத்தைக் கைவிடுமாறு இங்கிலாந்தின் நைஸ் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. மீண்டும் மீண்டும் வரும் சீழ், சரிசெய்ய இயலாத சொத்தை, பக்கத்துப் பல்லுக்குச் சேதம், நீர்க்கட்டி முதலியவை அகற்றுவதற்கான தெளிவான காரணங்கள் ஆகும்.

சிகிச்சைக்கு முன்

ஊடுகதிர்ப் படம் இன்றி அறுவை முறையைத் திட்டமிடுவது இயலாது. ஓரிரு பற்களைக் காட்டும் சிறிய படமும், இரு தாடைகளையும் ஒருசேரக் காட்டும் ஓ.பி.ஜி. படமும் வழக்கத்தில் உள்ளன. கீழ்த்தாடைக்குள் செல்லும் நரம்புக் குழாயை வேர்கள் தொடுவதாகத் தோன்றினால், முப்பரிமாணத்தில் காட்டும் கூம்புக்கதிர் சி.டி. எடுக்கப்படலாம்.

நோயாளி மருத்துவரிடம் மறைக்காது கூற வேண்டிய செய்திகள் பின்வருமாறு:

* நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இதயநோய், செயற்கை இதய வால்வு, வலிப்பு, ஆஸ்துமா
* ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்ஃபரின் போன்ற இரத்த உறைவைத் தடுக்கும் மருந்துகள்
* எலும்புத் தேய்மானத்துக்கோ புற்றுநோய்க்கோ எடுத்துக்கொண்ட பிஸ்பாஸ்போனேட் மருந்துகள். இவை தாடை எலும்பு ஆறுவதைப் பாதிக்கக்கூடும்
* தலை, கழுத்துப் பகுதியில் பெற்ற கதிர்வீச்சுச் சிகிச்சை
* பெனிசிலின் உள்ளிட்ட மருந்து ஒவ்வாமை
* கருவுற்றிருத்தல்; அவசரமில்லாத சிகிச்சைக்கு நடு மூன்று மாதங்களே ஏற்றவை எனக் கருதப்படுகின்றது

இரத்த உறைவுத் தடுப்பு மருந்தைத் தாமாகவே நிறுத்துவது ஆபத்தானது. பல் பிடுங்கிய இடத்தில் வரும் குருதிக்கசிவை அழுத்தியும் தைத்தும் கட்டுப்படுத்திவிடலாம். ஆனால் மருந்தை நிறுத்துவதால் ஏற்படக்கூடிய மாரடைப்பையோ பக்கவாதத்தையோ அவ்வாறு கட்டுப்படுத்த இயலாது. மருந்தைத் தொடர்வதா என்பதை மருந்து எழுதிய மருத்துவரும் பல் மருத்துவரும் சேர்ந்தே முடிவு செய்ய வேண்டும்.

பகுதி உணர்விழப்பு மட்டும் அளிக்கப்படுமானால் வெறும் வயிற்றில் செல்ல வேண்டியதில்லை. நீரிழிவு உள்ளவர்கள் வழக்கமான உணவையும் மருந்தையும் எடுத்துக்கொண்டு காலை நேரத்தில் வருவது நல்லது. முழு மயக்கம் தரப்படும்போது மட்டுமே உண்ணாநிலை தேவைப்படும்.

செய்முறை

1. உணர்விழப்பு: அட்ரினலின் கலந்த லிடோகைன் மருந்து ஊசி வழியே செலுத்தப்படுகின்றது. கீழ்க் கடைவாய்ப்பற்களுக்கு, நரம்பு தாடை எலும்புக்குள் நுழையும் இடத்திற்கு அருகில் ஊசி போடப்படும். கீழ் உதட்டின் பாதி தடித்துவிட்டதுபோல் தோன்றுவது மருந்து வேலை செய்வதற்கான அடையாளம். வலியுணர்வு மறைந்தாலும் அழுத்தமும் அசைவும் தெரியும். கூர்மையான வலி தெரிந்தால் கையை உயர்த்திக் காட்ட வேண்டும். கூடுதல் மருந்து தர இயலும்.

2. ஈற்றைத் திறத்தல்: ஈறு கீறப்பட்டு, எலும்பை மூடியுள்ள உறையுடன் சேர்த்து ஒரு மடலாக உயர்த்தப்படுகின்றது. இதற்குப் பயன்படும் தட்டையான கருவி பெரியாஸ்டியல் எலிவேட்டர் எனப்படும்.

3. எலும்பை நீக்குதல்: சுழலும் துளைகருவியால் பல்லைச் சுற்றியுள்ள எலும்பு சிறிதளவு நீக்கப்படுகின்றது. உராய்வினால் எழும் வெப்பம் எலும்பைக் கொல்லக்கூடியது. எலும்பு ஒரு நிமிடம் 47° செல்சியசைத் தாண்டினாலே பாதிப்புத் தொடங்குவதாக 1980களில் நடந்த ஆய்வுகள் காட்டின. ஆகையால் நுண்ணுயிர் நீக்கிய உப்புநீர் இடைவிடாது பாய்ச்சப்படுகின்றது. சொத்தை அடைக்கப் பயன்படும், காற்றால் இயங்கும் அதிவேகத் துளைகருவி இதற்கு ஏற்றதன்று. அதன் காற்று திசுக்களுக்குள் புகுந்து முகத்தை வீங்கச் செய்யக்கூடும்.

4. பல்லைப் பிரித்தல்: கீழ்க் கடைவாய்ப்பல்லுக்குப் பொதுவாக இரண்டு வேர்களும் மேல் கடைவாய்ப்பல்லுக்கு மூன்று வேர்களும் உண்டு. அவை வெவ்வேறு திசையில் வளைந்திருந்தால் பல் வெட்டிப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு வேரும் அதனதன் பாதையில் எடுக்கப்படுகின்றது. பல்லைத் துண்டாக்குவதால் நீக்க வேண்டிய எலும்பின் அளவு குறைகின்றது.

5. தூய்மை செய்து தைத்தல்: குழியில் எஞ்சிய துகள்கள் கழுவி அகற்றப்பட்டு, மடல் பழைய இடத்தில் வைத்துத் தைக்கப்படுகின்றது. பட்டு நூல் தையல் ஏறத்தாழ ஒரு வாரத்தில் பிரிக்கப்படும். கரையும் நூலைப் பிரிக்கத் தேவையில்லை.

வேர்கள் நரம்போடு மிக நெருங்கியிருந்தால், பல்லின் மேற்பகுதியை மட்டும் வெட்டியெடுத்து வேர்களை எலும்புக்குள்ளேயே விட்டுவிடும் மாற்று முறையும் உண்டு.

பின் கவனிப்பு

காலியான குழியில் உறையும் இரத்தமே இயற்கையான கட்டு ஆகும். பின்வரும் அறிவுரைகளில் பெரும்பாலானவை இவ்வுறைவைக் காப்பதற்கானவை:

* வைக்கப்பட்ட துணிப்பஞ்சை 30 முதல் 45 நிமிடம் வரை அழுத்திக் கடித்திருத்தல்
* முதல் நாளில் துப்பாமலும், கொப்பளிக்காமலும், உறிஞ்சுகுழலால் குடிக்காமலும் இருத்தல். உறிஞ்சும்போது உறைவு பெயரக்கூடும்
* முதல் நாளில் கன்னத்தின் வெளிப்புறம் விட்டுவிட்டுப் பனிக்கட்டி ஒற்றடம் கொடுத்தல்
* மரத்த தன்மை நீங்கும்வரை உணவைத் தவிர்த்தல். பின்னர் ஆறிய தயிர்சாதம், இட்லி, கஞ்சி போன்ற மென்மையான உணவை மறுபக்கத்தில் மெல்லுதல்
* 24 மணி நேரத்திற்குப் பின் வெதுவெதுப்பான உப்புநீரால் மெதுவாகக் கொப்பளித்தல்
* புகைபிடித்தலையும், வெற்றிலை பாக்கு, புகையிலை மெல்லுவதையும் விடுதல்

கடின உழைப்பு இரத்த அழுத்தத்தை உயர்த்தி மீண்டும் குருதிக்கசிவை உண்டாக்கலாம். அலுவலகத்தில் அமர்ந்து வேலை செய்பவர் பெரும்பாலும் ஓரிரு நாட்களில் பணிக்குத் திரும்பலாம். திருச்சிராப்பள்ளி காந்தி மார்க்கெட் போன்ற சந்தைகளில் காய்கறி மூட்டைகளைத் தூக்கும் சுமைப்பணியாளருக்கு அதைவிடக் கூடுதல் நாட்கள் ஓய்வு தேவைப்படும். நாட்கூலி பெறுபவர்களுக்கு இது வருமான இழப்பாகும். எனவே தொழில் என்ன என்பதையும் மருத்துவரிடம் கூறி நாளைத் தேர்ந்தெடுப்பது பயன் தரும்.

வீக்கம் இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில் உச்சத்தை அடைந்து பின் குறையும். வலிக்குப் பாரசிட்டமாலும் ஐபுபுரூஃபெனும் பரவலாகப் பயன்படுகின்றன. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் ஐபுபுரூஃபெனைத் தாமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆஸ்பிரின் மாத்திரையை ஈற்றில் வைத்து அடக்கிக்கொள்ளும் பழக்கம் அவ்விடத்தைப் புண்ணாக்கும். ஈறு சில வாரங்களில் மூடிக்கொள்ளும். குழி எலும்பால் நிரம்பச் சில மாதங்கள் ஆகும்.

சிக்கல்கள்

உலர்குழி: இரத்த உறைவு கரைந்தோ பெயர்ந்தோ போய் எலும்பு வெளிப்படும் நிலை. குறைந்து வந்த வலி மூன்றாம் நாளையொட்டித் திடீரெனக் கடுமையாகிக் காதுவரை பரவுவது இதன் அடையாளம். கீழ் ஞானப்பல் எடுத்தவர்களிடமும் புகைபிடிப்பவர்களிடமும் மிகுதியாகக் காணப்படுகின்றது. குழியைக் கழுவி, கிராம்பு எண்ணெயின் சாரமான யூஜினால் கலந்த மருந்துக்கட்டு வைப்பது வழக்கமான சிகிச்சை.

நரம்புப் பாதிப்பு: கீழ் உதடு, தாடை, நாக்கு ஆகியவற்றில் மரத்த தன்மை நீடித்தல். பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும். நிலையான பாதிப்பு நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே ஏற்படுகின்றது.

காற்றறைத் திறப்பு: மேல் கடைவாய்ப்பல் எடுத்த இடம் மூக்கருகிலுள்ள காற்றறையுடன் இணைந்துவிடுதல். குடிக்கும் நீர் மூக்கு வழியே வருவது இதன் அறிகுறி.

வாய் திறக்க இயலாமை: தாடைத் தசைகளின் இறுக்கத்தால் சில நாட்கள் நீடிக்கலாம்.

நோய்த்தொற்று: கீழ்ப்பற்களின் சீழ் நாக்கின் அடிப்பகுதிக்குப் பரவி மூச்சை அடைக்கக்கூடும். வில்ஹெல்ம் ஃபிரீட்ரிக் ஃபொன் லுட்விக் 1836இல் விவரித்ததால் இந்நிலை அவர் பெயரால் வழங்குகின்றது. காய்ச்சல், விழுங்க இயலாமை, நாக்கு மேலெழும்புதல், கழுத்து வீக்கம், மூச்சுத்திணறல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பல வாரங்களாகியும் குழி ஆறாமலிருந்தால் புற்றுநோய்க்கான பரிசோதனையும் தேவைப்படலாம்.

தூய்மையும் வாணியம்பாடி நிகழ்வும்

ஈறும் எலும்பும் திறக்கப்படுவதால் இச்சிகிச்சையில் வாயினுள் செல்லும் ஒவ்வொன்றும் நுண்ணுயிர் நீக்கப்பட்டதாக இருத்தல் வேண்டும். கருவிகள் அழுத்த நீராவிக் கொப்பரையில் 121° அல்லது 134° செல்சியசு வெப்பத்தில் குறிப்பிட்ட நேரம் வைக்கப்படுகின்றன. கொதிநீரில் வேகவைப்பது பாக்டீரியாக்களின் வித்துகளை அழிக்காது. கழுவும் நீர்மமும் இவ்விதிக்கு உட்பட்டதே.

இதை மீறுவதன் விளைவைத் தமிழ்நாட்டு நிகழ்வு ஒன்று காட்டியது. 2022 ஜூலை முதல் 2023 ஏப்ரல் வரை, மாநிலத்தின் வடமாவட்டங்களில் 21 பேருக்கு மூளை, நரம்பு மண்டலத்தைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் நோய் கண்டறியப்பட்டது. இந்நோயை உண்டாக்கும் பர்கோல்டேரியா சூடோமாலியை என்னும் பாக்டீரியா மண்ணிலும் நீரிலும் வாழ்வது. நோயுற்றோருள் 10 பேர் திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடியில் ஒரே பல் மருத்துவ மனையில் சிகிச்சை பெற்றவர்கள் என்பது விசாரணையில் தெரியவந்தது. அவர்களுள் 8 பேர் இறந்தனர். அங்குப் பயன்பாட்டில் இருந்த உப்புநீரில் இப்பாக்டீரியா கண்டறியப்பட்டது. நுண்ணுயிர் நீக்கப்படாத பெரியாஸ்டியல் எலிவேட்டரால் உப்புநீர்ப் புட்டி திறக்கப்பட்டதும், திறந்த புட்டி தளர மூடப்பட்டு மற்ற நோயாளிகளுக்கும் பயன்படுத்தப்பட்டதும் காரணமாகக் கூறப்பட்டன. இவ்வாய்வு 2025இல் லான்செட் குழும இதழ்களுள் ஒன்றான தென்கிழக்கு ஆசியப் பதிப்பில் வெளியானது.

உறையிட்ட கருவிகளைத் தம் முன்னிலையில் பிரிக்குமாறும், உப்புநீருக்குப் புதிய புட்டி திறக்குமாறும் கேட்பது நோயாளியின் உரிமை. அது மருத்துவரை அவமதிப்பதாகாது.

வரலாறு

பல் பிடுங்கல் மிகப் பழைய மருத்துவச் செயல்களுள் ஒன்று. வலியின்றி அதைச் செய்ய முயன்றதிலிருந்தே நவீன மயக்கவியல் வளர்ந்தது. அமெரிக்கப் பல் மருத்துவர் ஹொரேஸ் வெல்ஸ் 1844 டிசம்பர் 11 அன்று சிரிப்பூட்டும் வாயுவை முகர்ந்து தம் பல்லையே எடுக்கச் செய்தார். வில்லியம் மார்ட்டன் 1846 செப்டம்பர் 30 அன்று ஈதர் மயக்கத்தில் ஒருவரின் பல்லை எடுத்தார். 1884இல் கோகைனின் மரக்கச்செய்யும் ஆற்றலைக் கார்ல் கோலர் கண் அறுவையில் நிறுவியதைத் தொடர்ந்து, வில்லியம் ஹால்ஸ்டெட் கீழ்த்தாடை நரம்பருகே அதனை ஊசி மூலம் செலுத்தினார். இன்று பரவலாகப் பயன்படும் லிடோகைனை சுவீடனின் நில்ஸ் லோஃப்கிரென் 1943இல் உருவாக்கினார். 1948இல் அது விற்பனைக்கு வந்தது.

வில்ஹெல்ம் ரான்ட்ஜன் 1895இல் ஊடுகதிரைக் கண்டுபிடித்த சில வாரங்களிலேயே, 1896 ஜனவரியில், ஜெர்மனியின் ஒட்டோ வால்கோஃப் தம் பற்களைப் படமெடுத்தார். அதற்கு அவர் 25 நிமிடங்கள் அசையாதிருக்க வேண்டியிருந்தது.

தமிழ்நாட்டில்

இந்தியாவில் பல் மருத்துவத் தொழிலை 1948ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டம் ஒழுங்குபடுத்தியது. அதற்கு மாற்றாகத் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம் 2023இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. பி.டி.எஸ். பட்டம் பெற்றுப் பதிவு செய்தவர் பல் பிடுங்கலாம்; சிக்கலானவற்றை வாய், முகம், தாடை அறுவையில் எம்.டி.எஸ். பெற்றவர்களிடம் அனுப்புவது வழக்கம்.

சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி, 1953இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கப்பட்டது. சிதம்பரத்தில் ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி 1980இல் தொடங்கப்பட்டது. திருச்சிராப்பள்ளிக்கு அண்மையிலுள்ள புதுக்கோட்டையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி 2023இல் திறக்கப்பட்டது. திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் பகுதி மக்களுக்குப் புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை அருகிலுள்ள பெரிய அரசு மருத்துவமனையாகும். இது கி. ஆ. பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியுடன் இணைந்தது.

பாக்கு மெல்லும் பழக்கம் இங்குள்ள சிகிச்சையைக் கடினமாக்கும் காரணிகளுள் ஒன்று. அது கன்னத்தின் உட்பகுதியை நாராக இறுகச் செய்து, நாளடைவில் இரண்டு விரல் அளவுகூட வாயைத் திறக்க இயலாத நிலையை உண்டாக்கக்கூடும். அத்தகையவருக்கு எளிதான பல்லும் அறுவைக்குரியதாகிவிடுகின்றது. பாக்கு புற்றுநோய் விளைவிப்பது என உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட நூலில் வகைப்படுத்தியுள்ளது.

மக்களிடையே உள்ள நம்பிக்கைகள்

மேல்வரிசைப் பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை மங்கும் என்னும் நம்பிக்கை தமிழகத்தில் பரவலாக உள்ளது. பற்களுக்குச் செல்லும் நரம்பு முக உணர்ச்சி நரம்பின் கிளை ஆகும். பார்வை நரம்பு மூளையிலிருந்து தனியே வருவது. முறையாகப் பல் எடுப்பதால் பார்வை குறைவதில்லை. மாறாக, சீழ்பிடித்த மேற்பல்லை எடுக்காது விட்டால் தொற்று கண்குழிவரை பரவ வாய்ப்புண்டு. இந்நம்பிக்கையால் சிகிச்சையைத் தள்ளிப்போடுவோருக்கு, எளிய முறையில் முடிந்திருக்க வேண்டியது பின்னர் அறுவை முறையாக மாறுவதும் உண்டு.

இவற்றையும் பார்க்க

* ஞானப்பல்
* பற்சொத்தை
* வேர்ச்சிகிச்சை
* மெலியாய்டோசிஸ்
* உணர்விழப்பு மருந்து